பீலிக்கு மேலே உள்ள காடு யாருடையது?

ஊவாவின் மலைச்சரிவுகளில் ஒரு காட்டுத்துண்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால், மூன்று பதில்களில் ஒன்று உடனே வந்துவிடும். "அது அரசாங்கக் காணி." "அது தோட்டத்துக் காணி." "அது எங்கள் உறுதிக் காணி." சொல்பவர் அத்துடன் விடயம் முடிந்துவிட்டதாக எண்ணுவார். கேட்பவரும் பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடுவார்.

நான் புவியியல் கற்பிப்பவள். எல்லயில் ஒரு மலைச்சரிவில், பீலித் தண்ணீரில் வளர்ந்தவள். 'எல்ல' என்ற சிங்களச் சொல்லுக்கே நீர்வீழ்ச்சி என்றுதான் பொருள். தண்ணீரின் பெயரைத் தாங்கிய ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அது வரும் காடு யார் கையில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். காட்டை விற்பது ஒன்று. காட்டுக்கு ஈடாக வேறு காணி கொடுப்பது இன்னொன்று. காட்டில் மரம் வெட்டுவது மற்றொன்று. மூன்றுக்கும் சட்டம் வேறு, கேட்க வேண்டிய இடம் வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் வாய் திறக்க வேண்டிய நேரத்தில் நாம் திறப்பதில்லை.

மலைக்கு உறுதி வந்த கதை

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1817-1818இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பிப் பயிர்ச்செய்கை மலைகளை நோக்கி ஏறத் தொடங்கியது. கோப்பிக்கு நிலம் வேண்டும். நிலத்தை விற்பதானால் அது விற்பவருக்குச் சொந்தமாக இருக்கவும் வேண்டும்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்தத் தேவையை நிறைவேற்றியது. காடாகவோ, தரிசாகவோ, ஆளற்றதாகவோ, பயிரிடப்படாமலோ கிடக்கும் காணி எதுவும், வேறு விதமாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என்று அது கூறியது. கண்டிப் பிரதேசங்களில் சேனைக் காணிக்கும் இதே நிலைதான். மன்னர் வழங்கிய சன்னஸ் பத்திரம் அல்லது வழமையான வரி செலுத்தியதற்கான சான்று இருந்தால் மட்டுமே அதைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

இந்தச் சட்டத்தின் உயிர் 'நிரூபிக்கப்படும்வரை' என்ற சொல்லில் இருக்கிறது. கிராமத்து மக்கள் காட்டில் மாடு மேய்த்தார்கள், விறகு பொறுக்கினார்கள், மூலிகை பறித்தார்கள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சேனை வெட்டினார்கள். இவை எதற்கும் அவர்களிடம் கடதாசி இருக்கவில்லை. கடதாசி கேட்காத ஒரு வாழ்க்கை, கடதாசி கேட்கும் சட்டத்தின் முன் போய் நின்றது. முடிக்குரியதாகிய காணி ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. 1844இல் ஆரம்ப விலை ஒரு பவுணாக உயர்ந்தது. காணியை விற்ற அரசின் உயர் அதிகாரிகள் பலரே அதை வாங்கியவர்களாகவும் இருந்தார்கள்.

1869இல் கோப்பியை இலைத்துரு நோய் தாக்கியது; பின்னர் தேயிலை வந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கத்தில் தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கினார். காட்டை வெட்டிச் சுட்டுத் துப்புரவாக்கிய கைகள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் கைகள். ஏக்கர் கணக்கில் காட்டைக் காணியாக்கிக் கொடுத்த அவர்களுக்கு, அந்தக் காணியில் ஒரு பேர்ச்சஸ்கூடச் சொந்தமாகவில்லை.

இத்தனை வேகமாகக் காடு போவதைக் கண்டு ஆங்கிலேயருக்கே அச்சம் வந்தது. இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் எச்சரித்தார். உயர்ந்த மலைக் காடுகளை அழித்தால் மழைநீரும் ஆறுகளும் பாதிக்கப்படும் என்பது அவருடைய வாதம். அதையடுத்து 5,000 அடிக்கு மேலுள்ள முடிக்குரிய காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. நல்ல முடிவுதான். ஆனால் நம் ஊர்களின் உயரத்தைச் சற்றுப் பாருங்கள். நமுனுகுல மலையின் உச்சி 6,600 அடியைத் தாண்டுகிறது. அது அந்தக் கோட்டுக்கு மேலே. எல்ல ஏறத்தாழ 3,400 அடி. பண்டாரவளை ஏறத்தாழ 4,000 அடி. பதுளை நகரம் அதனினும் தாழ்வு. அதாவது, நாம் குடியிருக்கும் சரிவுகள் எல்லாம் அந்தப் பாதுகாப்புக் கோட்டுக்குக் கீழே விற்பனைக்கு விடப்பட்டவை. இன்று எல்லயைச் சுற்றிலும் காடு தொடர்ச்சியாக இல்லாமல் துண்டு துண்டாகக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று காணிக்கு ஆறு பெயர்கள்

முதலாவது, வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட காடு. வன பரிபாலனத் திணைக்களத்தின் ஒதுக்குக் காடுகளும், வனசீவராசிகள் திணைக்களத்தின் சரணாலயங்களும் இதில் அடங்கும். எல்லக்கு அருகே இராவணா நீர்வீழ்ச்சியைச் சுற்றியுள்ள பகுதி ஒரு சரணாலயம். சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம் என்பதைப் பலர் அறிவதில்லை.

இரண்டாவது, அரசுக்குரியதாக இருந்தும் வர்த்தமானியில் பெயர் வராத காடு. 'ஏனைய அரச காடுகள்' என்று இதைச் சொல்வார்கள்.

மூன்றாவது, காணி சீர்திருத்த ஆணைக்குழுவின் காணி. 1972ஆம் ஆண்டின் காணி சீர்திருத்தச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கர் என்றும், நெற்காணிக்கு 25 ஏக்கர் என்றும் உச்சவரம்பு விதித்தது. 1975இல் கம்பனிகளின் தோட்டங்களும் அரசுக்கு வந்தன. அவ்வாறு வந்த காணிகளில் தேயிலை மட்டும் இருக்கவில்லை. ஓடைக்கரைக் காடும் உச்சிக் காடும் அவற்றோடு சேர்ந்தே வந்தன.

நான்காவது, தோட்டக் காணி. நிலத்தின் உரிமை அரசின் பெருந்தோட்ட நிறுவனங்களிடம் இருக்க, 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியது. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. அது முடியும் ஆண்டு 2045. இன்று பதினைந்து வயதாகும் மாணவி தன் நடுவயதை எட்டும் முன்பே அந்த நாள் வந்துவிடும். அப்போது அந்த மலைகளில் என்ன மிஞ்சியிருக்கும் என்பது இன்றைய கேள்வி.

ஐந்தாவது, உத்தரவுப்பத்திரக் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு குடியானவருக்குக் கொடுப்பது. பிரதேச செயலகத்தின் அனுமதியின்றி இதைக் கைமாற்ற முடியாது.

ஆறாவது, தனியார் உறுதிக் காணி. பள்ளிவாசல், விகாரை, தேவாலயம், கோயில் ஆகியவற்றின் காணிகளும் தனி உரிமைக் காணிகளே. அவற்றுக்குத் தனித்தனிச் சட்டங்கள் உண்டு.

ஒரே மலையில், ஒரே காட்டில், இந்த ஆறும் அடுத்தடுத்து இருக்கலாம். காட்டுக்குள் நடப்பவர் கண்ணுக்கு எந்த எல்லையும் தெரியாது. குரங்குக்கும் ஓடைக்கும்கூடத் தெரியாது.

விற்பனை எப்படி நடக்கிறது?

வர்த்தமானியில் வந்த காட்டை யாரும் வெளிப்படையாகக் கூவி விற்பதில்லை. அதன் வகை மாறும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அண்மைக் கால உதாரணம் ஒன்று: ஏனைய அரச காடுகளை வன பரிபாலனத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்தது 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை. 2020 நவம்பர் மாதம் வெளிவந்த புதிய சுற்றறிக்கை அதை நீக்கி, அந்தக் காடுகள் பற்றிய அதிகாரத்தை மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் கொடுத்தது. பயிர் செய்யக் காணியில்லாத கிராமத்தவருக்கு வழி திறக்கவே இந்த மாற்றம் என்றது அரசாங்கம். ஏறத்தாழ 5 இலட்சம் ஹெக்டேயர் காடு காவலில்லாமல் போகும் என்றன சுற்றாடல் அமைப்புகள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

இரு தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சேனைக்காரரின் பசி உண்மை. அவருடைய பாட்டனாரின் காட்டை 1840இல் அரசு எடுத்துக்கொண்டதும் உண்மை. அதே நேரம், ஏழைக்கு என்று திறக்கப்படும் கதவால் முதலில் நுழைபவர் பெரும்பாலும் இயந்திரம் வைத்திருப்பவரே என்பதும் நாம் கண்டதுதான். இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரு மரமும் வெட்டப்படாமல், ஓர் உறுதியும் எழுதப்படாமல், ஒரு சுற்றறிக்கையால் ஒரு காட்டின் விதி மாறலாம். அதனால்தான் கோடரிச் சத்தம் கேட்ட பிறகு விழித்தால் காலம் கடந்துவிடுகிறது.

ஏக்கருக்கு ஏக்கர் ஈடாகுமா?

காணி சீர்திருத்த ஆணைக்குழு தன் காணியை விற்கவும், குத்தகைக்கு விடவும், மாற்றிக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. ஒருவருடைய காணி பொதுத் தேவைக்கு எடுக்கப்பட்டால் வேறோர் இடத்தில் மாற்றுக்காணி கொடுப்பது நியாயமான வழமை. அந்த மாற்றுக்காணி காடாக இருக்கும்போதுதான் கணக்கு பிழைக்கிறது.

ஒரு பவுண் நகைக்கு ஒரு பவுண் நகை ஈடாகும். காட்டுக்கு அப்படி ஈடு வைக்க முடியாது. ஓடையின் தலையில் இருக்கும் இரண்டு ஏக்கர் காடும், சமவெளியில் இருக்கும் இரண்டு ஏக்கர் பற்றைக்காணியும் நில அளவையாளரின் வரைபடத்தில் சமம்; கீழே குடத்தோடு நிற்கும் பெண்ணுக்குச் சமமல்ல. ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் நடப்பட்ட பைனஸ் மரங்களைப் பாருங்கள். தூரத்தில் நின்று பார்த்தால் காடுதான். உள்ளே போனால் காய்ந்த ஊசியிலை மெத்தை. அதன் கீழே செடி கொடி குறைவு. வறண்ட காலத்தில் அந்த மெத்தையில் தீ பற்றினால் மலை முழுவதும் பரவுகிறது. புல்வெளி ஒரு சூழல், காடு இன்னொரு சூழல். ஒன்றை அழித்து மற்றொன்றை நட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடாது.

நம் சமூகத்தின் மனதைத் தொடும் ஒரு வழக்கையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். யுத்தம் முடிந்து அவர்கள் திரும்பியபோது, ஊர்களின் இடத்தில் காடு வளர்ந்திருந்தது; வில்பத்துவுக்கு வடக்கே சில பகுதிகள் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டும் இருந்தன. மீள்குடியேற்றத்துக்காகக் காடு வெட்டப்பட்டது தொடர்பான வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020 நவம்பர் 16ஆம் திகதி தீர்ப்பளித்தது. காடு வெட்டப்பட்டது சட்டத்துக்கு முரணானது என்றும், குடியேற்றத்துக்குப் பயன்பட்ட காட்டுக்குச் சமமான பரப்பில் மரம் நட வேண்டும் என்றும், அதற்கான செலவை முன்னாள் அமைச்சர் ஒருவர் ஏற்க வேண்டும் என்றும் அது கட்டளையிட்டது. வீட்டை இழந்தவருக்குத் திரும்பி வரும் உரிமை உண்டு. காட்டுக்கும் சட்டத்தின் காவல் உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் மதிக்கும் வழியை நிர்வாகம் காலத்தோடு தேடியிருந்தால், அகதியாகி வந்த மக்கள் காடழித்தவர்கள் என்ற பெயரைச் சுமக்க நேர்ந்திராது.

மரம் மட்டும் போனால்?

காணி கைமாறாமலே காடு போவதற்கு உள்ள வழி மரம் வெட்டுதல். 1970களில் சிங்கராஜவில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இயந்திரங்களால் மரம் வெட்டப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததால் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அது நிறுத்தப்பட்டது. அன்று தப்பிய காடு 1988இல் உலக மரபுரிமையானது. 1990 முதல் நாட்டின் இயற்கைக் காடுகளில் வியாபாரத்துக்காக மரம் வெட்டுவது தடைசெய்யப்பட்டுள்ளது.

இந்தத் தடை இயற்கைக் காட்டுக்கு உரியது. அரசின் நடுகைக் காடுகளில் யூகலிப்டஸ், பைனஸ், தேக்கு ஆகியவற்றை அரச மரக் கூட்டுத்தாபனம் வெட்டுகிறது. தோட்டங்களில் விறகுக்கும் நிழலுக்கும் வைத்த யூகலிப்டஸ், சவுக்கு மரங்களை உரிய அனுமதியோடு வெட்டலாம். தனியார் காணியிலும் முழுச் சுதந்திரம் கிடையாது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்ட 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். பல வகை மரங்களை வண்டியில் ஏற்றிச் செல்லவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். மேலும், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும் திட்டத்துக்குச் சுற்றாடல் அங்கீகாரம் பெற வேண்டும் என்று 1993ஆம் ஆண்டின் வர்த்தமானி சொல்கிறது. இங்கேயும் ஒரு சந்து உண்டு. பெரிய காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு ஹெக்டேயருக்குள் வைத்துக்கொண்டால், எந்தத் துண்டும் அந்தக் கேள்விக்கு ஆளாகாமல் நழுவக்கூடும்.

கடலுக்கு அப்பால் அதே மலை மக்கள்

இந்தக் கதையின் ஒரு கிளை தமிழ்நாட்டில் நீலகிரியின் கூடலூரில் இருக்கிறது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மலையகத்திலிருந்து குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு இந்தியாவுக்குப் புறப்பட்டன. அவ்வாறு போனவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் தமிழ்நாடு அரசு தன் காட்டுக் காணிகளில் தேயிலை நடத் தொடங்கியது. அதுவே 'டான்டீ' எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமாக வளர்ந்தது. இங்கே காடு வெட்டி நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கேயும் காடு வெட்டிய நிலத்தில் தேயிலை பறித்தார்கள்.

அதே கூடலூரில் பழைய ஜன்மிகளின் நிலங்கள் பற்றிய வழக்குகள் பல தலைமுறைகளாக நடந்தன. அங்கே காட்டு மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் இந்திய உயர் நீதிமன்றத்துக்கு, அதாவது டில்லியில் உள்ள உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசெம்பர் 12ஆம் திகதி வந்த கட்டளை இந்தியாவின் காட்டுச் சட்டத்தையே திருப்பிப்போட்டது. காடு என்ற சொல்லுக்கு அகராதியில் என்ன பொருளோ அதுவே சட்டத்திலும் பொருள். உரிமையாளர் அரசா தனியாரா என்பதால் காடு காடில்லாமல் போகாது என்பது அதன் சாரம். உறுதியில் உள்ள பெயரைப் பார்க்காமல் நிலத்தில் நிற்பதைப் பார்க்கச் சொன்ன தீர்ப்பு அது.

ஆனால் நிலத்தில் மனிதரும் நிற்கிறார்கள். 2022இல் டான்டீயின் 2,000 ஹெக்டேயருக்கும் அதிகமான காணியை மீண்டும் வனத்துறைக்கே கொடுக்கத் தமிழ்நாடு அரசு முடிவு செய்தது. காட்டுக்கு அது நற்செய்தி. இலங்கையிலிருந்து போய் ஐம்பது ஆண்டுகளாகியும் சொந்த வீட்டுக்காணி இல்லாத தொழிலாளிக்கு அது இன்னொரு கவலை. காடு விற்கப்படும்போதும் அவர் பெயர் கடதாசியில் இல்லை. காடு மீட்கப்படும்போதும் இல்லை. இன்று நம் மலையகத்தில் லயத்துக் குடும்பங்களுக்கு வீட்டுக்காக ஏழு பேர்ச்சஸ் தருவதா, பத்து பேர்ச்சஸ் தருவதா என்று பேசும்போதும் இந்த வரலாறு நினைவில் இருக்க வேண்டும். காட்டைக் காப்பதும் காணியற்றவருக்குக் காணி கொடுப்பதும் எதிரெதிர் வேலைகள் என்று காட்டுவது, இரண்டையும் செய்ய விரும்பாதவர்களுக்கு வசதி.

உறுதியில் எழுதப்படாதவர்கள்

எங்கள் ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு காட்டுத்துண்டு கைமாறியது. அரை ஏக்கருக்குச் சற்று அதிகம் இருக்கும். அதற்குள்ளே ஓர் ஊற்று. ஊற்றிலிருந்து குழாய் இழுத்துக் கீழே பதினொரு வீடுகள் தண்ணீர் எடுத்தோம். வாங்கியவர் கபானா கட்டுவதற்காக மரங்களையும் பற்றைகளையும் வெட்டித் தட்டையாக்கினார். வாப்பாவும் அயலவர் இருவரும் போய்க் கேட்டார்கள். அவர் மரியாதையாக உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, உறுதியை விரித்துக் காட்டினார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. "உங்கள் தண்ணீர் இதில் எங்கே எழுதியிருக்கிறது, ஹாஜியார்?" என்று கேட்டார். வாப்பாவிடம் பதில் இல்லை. உண்மையிலேயே அது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அடுத்த வறட்சியில் குழாயில் காற்றுத்தான் வந்தது. கபானாவுக்கும் பவுசரில் தண்ணீர் வந்தது.

ஏன் அப்படி ஆனது? மழை காட்டில் விழும்போது இலை, சருகு, வேர் எல்லாம் அதைத் தாமதிக்கச் செய்கின்றன. நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கி, மாதக்கணக்கில் ஊற்றாகக் கசிகிறது. மூடாக்கு இல்லாமல் இறுகிய மண்ணில் விழும் மழை மேலாக ஓடி ஒரே நாளில் ஆற்றுக்குப் போய்விடும். போகும்போது மண்ணையும் கொண்டுபோகும். நிலத்தடி நீர் காணி எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதும் இல்லை. உமா ஓயாத் திட்டத்துக்காகச் சுரங்கம் தோண்டியபோது 2014இன் இறுதியில் நீர் உள்ளே பாய்ந்தது. மேலே பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின. சுரங்கம் தோண்டிய இடம் ஒன்று, தாகம் எடுத்த இடம் வேறொன்று.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அதற்குக் காடழிப்பு ஒன்றே காரணம் என்று சொல்வது சரியல்ல. கடும் மழை, பழைய சரிவு மண், வடிகால் எனப் பல காரணங்கள் சேர்ந்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்கூட்டியே எச்சரித்தும் இருந்தது. ஆனால் அங்கே இறந்தவர்களில் எவரும் அந்த மலையை வாங்கியவரும் அல்லர், விற்றவரும் அல்லர். மேலே உள்ள நிலம் பற்றி முடிவெடுப்பவர் ஒருவர், கீழே அதன் விளைவைச் சுமப்பவர் இன்னொருவர் என்பதே காட்டுத் தகராறுகளின் வேர்.

இந்த இடைவெளியை நம் உயர் நீதிமன்றம் காணாமல் இல்லை. எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் 2000ஆம் ஆண்டு அது வழங்கிய தீர்ப்பு, இயற்கை வளங்களை அரசு தன் இஷ்டப்படி கையாளும் சொத்தாகக் கருத முடியாது, மக்களுக்காகவும் வருங்காலத் தலைமுறைகளுக்காகவும் அவற்றைக் காக்கும் பொறுப்பு அதற்கு உண்டு என்பதை நிலைநாட்டியது. வழக்குத் தொடுத்தவர்கள் அந்தப் பகுதி மக்கள். 2008இல் பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கு எடுத்த காணி கோல்ப் மைதானமான வழக்கில், பொதுச் சொத்தை அவ்வாறு கொடுத்தது செல்லாது என்றது. முன்னாள் சனாதிபதி ஒருவருக்கே 30 இலட்சம் ரூபா செலுத்துமாறு கட்டளையிட்டது.

இந்தக் கருத்து நமக்குப் புதிதும் அல்ல. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு அருகே நகீஃ என்ற இடத்தை 'ஹிமா'வாக, அதாவது பொதுநன்மைக்கான பாதுகாப்பு நிலமாக ஒதுக்கினார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தம் காலத்து ஹிமாவின் காவலருக்கு, சிறு மந்தை வைத்திருக்கும் ஏழைகளை உள்ளே விடுமாறும், செல்வந்தரின் பெரு மந்தைகளைத் தடுக்குமாறும் பணித்ததாக வரலாறு சொல்கிறது. நிலத்தையும் காத்தார்கள், ஏழையின் பங்கையும் காத்தார்கள். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் இரண்டையும் சேர்த்துச் செய்ய முடிந்திருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

பெற்றோருக்கு முதலில். காணி வாங்கும்போது உறுதியை மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். காணிப் பதிவகத்தில் பதிவேட்டைத் தேடிப் பாருங்கள். பிரதேச செயலகத்தில் அது உத்தரவுப்பத்திரக் காணியா, ஆணைக்குழுக் காணியா என்று கேளுங்கள். மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் அறிந்துகொள்ளுங்கள். உங்கள் காணிக்குள் ஊற்று இருந்தால், அதைச் சுற்றியுள்ள மரங்களை விட்டுவைப்பது அயலவருக்குச் செய்யும் நிலையான தர்மம். விற்கும்போது அயலவரின் தண்ணீர் உரிமையை உறுதியிலேயே எழுதச் சொல்லுங்கள். சட்டத்தரணிக்கு அது சில வரி வேலை.

மேலே உள்ள காட்டுக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டால், 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டப்படி உரிய அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்ய வேண்டும். பெரிய திட்டமானால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பார்த்துக் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் உண்டு. அந்த அறிவித்தல் பத்திரிகையில் ஒரு மூலையில் வரும். அதைப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

மாணவிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று குழாயைப் பிடித்துக்கொண்டு, பெரியவர் ஒருவரோடு, ஊற்றுவரை நடந்து பாருங்கள். ஒரு தாளில் வழியை வரையுங்கள். ஊற்றுக்கு மேலே உள்ள ஒவ்வொரு துண்டுக் காணியும் நான் மேலே சொன்ன ஆறு வகையில் எது என்று கேட்டு அதில் குறியுங்கள். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். ஒரு வகுப்பின் தாள்கள் சேர்ந்தால் ஒரு மலையின் படம் கிடைக்கும். எந்தக் கேள்விக்குறியை முதலில் எந்த அலுவலகத்தில் கேட்பது என்பதை அந்தப் படமே நமக்குச் சொல்லும்.